ஏழாம் நம்பர் கொக்கி

"ஹலோ... ஹலோ... அண்ணா, நான்தான்... வெச்சிடாத, வெச்சிடாத! உன் பல்லுக்காகக் கூப்பிடல... ஆமா, கிளினிக் நம்பர்தான், ஆனா பல்லுக்காக இல்ல... சத்தியமா இல்ல... நீ மூணு தடவை டிமிக்கி குடுத்துட்ட, டாக்டரம்மா உன் கார்டை எடுத்துக் கட்டோட அடியில சொருகிட்டாங்க, அது வேற கதை. இது வேற."

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு கை நோட்டைப் பிரித்துப் பிடிக்க; இன்னொரு கை அதிலிருந்த ஒரு வரியைத் தடவித் தடவிப் பார்க்க, தடவினால் எழுத்து மாறிவிடும் என்பதுபோல.

பகலில் அவள் டோக்கன் கொடுப்பவள். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கப் படிப்பவள். செய்தது, பார்த்தது, சந்தேகப்பட்டது எல்லாம் தேதியும் நேரமுமாக அந்த நோட்டில் ஏறிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்திருந்ததால் போன ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தைச் சும்மா புரட்டினாள். புரட்டியது வினையாகப் போய்விட்டது.

"நீ பட்டறையிலதான இருக்க?... சரி, சரி... ரேடியோவைக் கொஞ்சம் கம்மி பண்ணேன்... அண்ணா, போன ஞாயித்துக்கிழமை நான் வந்து உன் சாமானையெல்லாம் பாத்தேன்ல?... அதான், அந்த மூடிப்போன பட்டறையிலேர்ந்து மொத்தமா அள்ளிட்டு வந்தியே, பன்னெண்டு உருப்படி... ஆமா, ஆமா, ஸ்டிக்கர் ஒட்டினேன்ல, நல்லதுக்குப் பச்சை, ஆகாததுக்குச் சிவப்பு... அதுல ஏழாம் நம்பர் இருக்குல்ல... நம்பர் போட்டிருக்கேன்ணா, மார்க்கர்ல, பின்பக்கம் பாரு... செயின் பிளாக்கோட கொக்கி. எஞ்சின் தூக்கறதுக்குன்னு ஆசை ஆசையா எடுத்து வெச்சியே, அது. அது இப்ப எங்க இருக்கு?"

"...தொங்குதா?"

"வெறுமனே தொங்குதா, இல்ல எதையாவது தூக்கிட்டுத் தொங்குதா?... வேன் எஞ்சினா... இல்ல இல்ல, சும்மா கேட்டேன்... சும்மா யாராவது கேப்பாங்களான்னா... கேக்க மாட்டாங்க... அண்ணா, நீ எப்பவும் வாடகைக்கு எடுப்பியே, பெரிய பிளாக்கு, அது என்னாச்சு?... திருப்பிக் குடுத்துட்டியா? எதுக்கு?... பச்சை ஒட்டியிருக்குன்னா?"

"நான் ஒட்டினேன்னு நீ நம்பிட்டியா?"

இருபத்திரண்டு வருடத்தில் அண்ணன் அவள் சொன்ன எதையும் நம்பியதில்லை. மழை வரும் என்று அவள் சொன்னால் எடுத்த குடையைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறவன். முதல் முதலாக இப்போதுதான் நம்பியிருக்கிறான். அதுவும் ஒரு எஞ்சினை அந்தரத்தில் விட்டு.

"ஒரு நிமிஷம் இரு... ஐயா, ஒன்பதா? உள்ள போங்க... அந்தப் பக்கம் இல்லீங்க, அது ஸ்டோர் ரூம்... இடது பக்கம்... ஆங், செருப்போட போகலாம், பரவாயில்ல... ஹலோ, அண்ணா? இருக்கியா?... நான் ஒண்ணு சொல்லுவேன், கத்தக் கூடாது... கத்த மாட்டேன்னு சொல்லு... மொதல்ல சொல்லு... சரி. அந்தக் கொக்கிய நான் ஒழுங்கா பாக்கல."

அவள் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"கத்த மாட்டேன்னு சொன்ன!... சரி, கேளு. நோட்டுல எப்படி இருக்கோ அப்படியே படிக்கறேன். 'உருப்படி ஏழு. செயின் பிளாக் கொக்கி. நாலு பத்துக்கு மண்ணெண்ணெய் தடவினேன். நாலு பதிமூன்றுக்குத் துடைத்தேன். சாக்பீஸ் தூள் போட்டேன். கோடு இல்லை. நல்லது'... என்ன, நல்லதுதானா? மூணு நிமிஷம்ணா! இருபது நிமிஷம் ஊறணும். பெயின்டுல இருக்கற பொடி வெடிப்பு வழியா விரிசலுக்குள்ள மண்ணெண்ணெய் இறங்க நேரம் வேணாமா? உள்ள இறங்கினாத்தான, மேல தொடச்சப்புறம் கசிஞ்சு வந்து தூள்ல கோடு போடும்? இறங்கவே விடல, அப்புறம் கோடு எங்கேர்ந்து வரும்?... ஆமா... ஆமா, மத்த எல்லாத்துக்கும் இருபது நிமிஷம் குடுத்திருக்கேன். இதுக்கு மட்டும் மூணு... ஏன்னா... அண்ணி டீ குடிக்கக் கூப்பிட்டாங்க, அந்த அவசரத்துல..."

"இரு, இன்னும் இருக்கு. கீழ பொடி எழுத்துல ஒரு வரி. 'வளைவின் உட்புறம் காந்தம் சரியாக நிற்கவில்லை. பெயின்ட் தடிப்பாக இருக்கலாம்'... அண்ணா, காந்தம் நிக்கலன்னா அங்க இரும்பு இல்லன்னு அர்த்தம்! பெயின்டு என்ன, ஒரு விரல் தடிப்புக்கா அடிப்பாங்க? யாரோ உடைஞ்சு போனதைப் பித்தளையை உருக்கி ஊத்தி ஒட்டி, மேல பூசி மெழுகி, பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க... வெச்சிருக்கலாம்... இருக்கலாம்னுதான் சொல்றேன். இருக்குன்னு சொல்லல."

அந்த நோட்டில் அதிகமாக வரும் சொல் 'இருக்கலாம்'தான். ஒருநாள் எண்ணியே பார்த்திருக்கிறாள். நாற்பது பக்கத்தில் நூற்றுப் பதினேழு. எண்ணியது சரியா என்று சந்தேகம் வந்து மறுபடி எண்ணியபோது நூற்றுப் பத்தொன்பது.

"சிரிக்காத... குக்கர் மூடி வேற, இது வேற... ஆமா, அது தலைமுடிதான், ஒத்துக்கறேன். என் முடியேதான்... பக்கத்து வீட்டு கேட்டா, அது சிலந்தி நூலு. எத்தனை தடவை சொல்லிக் காட்டுவ?... ஸ்கூட்டர் ஸ்டாண்டும்தான்... அந்தக் கோடு எல்லா ஸ்டாண்டுலயும் இருக்கும்னு எனக்கு அப்புறம்தான தெரிஞ்சுது... சரி, மூணு தடவை ஊரைக் கூட்டிட்டேன், மூணும் ஒண்ணுமில்ல. இதுவும் ஒண்ணுமில்லன்னா எனக்கு சந்தோஷம். ஸ்டிக்கர் கட்டையே கிழிச்சு உன் கையில குடுத்துடறேன். இப்ப அந்த எஞ்சினைக் கீழ இறக்கு."

"...ஏன் இறக்க முடியாது?"

"...அண்ணி எங்க?"

"அடியிலயா!"

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் முனகலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

அண்ணனும் அண்ணியும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. மேல் வேலை அவனுக்கு, அடி வேலை அண்ணிக்கு. ஒல்லியான உடம்பு, நீளமான கை, எந்த வண்டிக்கு அடியிலும் சக்கரப் பலகையில் வழுக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"கியர்பாக்ஸ் போல்ட்டா... எத்தனை கழட்டினாங்க?... ஒண்ணு பாக்கின்னா அந்த ஒண்ணை அப்புறம் கழட்டலாம்ணா. வெளிய வரச் சொல்லு... வேன்காரர் நின்னா நிக்கட்டும், அவரையும் தள்ளி நிக்கச் சொல்லு... பாத்தியா? நீ டார்ச் அடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடுமா? பெயின்டுதான் மூடிட்டிருக்கே!... வெறும் கொக்கியில விரிசல் வாயை மூடிக்கிட்டு இருக்கும். வெயிட்டு ஏறினாத்தான் திறக்கும்... உன் பல்லு மாதிரிதான்... ஆமா, உன் பல்லேதான்! கண்ணாடியில பாத்தா நல்லா இருக்கு, கடிச்சுட்டு விடும்போது மட்டும் சுருக்குங்குதுன்னு நீதான சொன்ன? அதுக்கு டாக்டரம்மா என்ன சொன்னாங்க?... உள்ள விரிசல்னு சொன்னாங்கல்ல?... அதையும் நம்பலையா... பல்லை நம்ப மாட்ட, டாக்டரை நம்ப மாட்ட, நம்பக் கூடாத பச்சை ஸ்டிக்கரை மட்டும் நம்பு!"

சொன்ன கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது வேலைக்கு ஆகாது என்று. அண்ணன் குணம் அப்படி. 'கூடாது' என்று ஒருவர் சொன்னால் போதும், இன்னும் இரண்டு இழு இழுத்துப் பார்ப்பான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். குரலை இறக்கினாள்.

"சரி... சரிண்ணா. நீ சொல்றதும் சரிதான். இருபது வருஷமா நீ பாக்கற வேலை... ம்... ம்... எனக்கு என்ன தெரியும்... அது கிடக்கட்டும், அண்ணிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்... இல்ல, இது வேற விஷயம்... உன்கிட்ட சொல்ல முடியாது... அதெல்லாம் உன்கிட்ட சொல்ல முடியாதுண்ணா, பொம்பளைங்க சமாச்சாரம்!... ஆமா... அவசரம்தான்... வேணாம், வேணாம், போனை அடியில நீட்டாத! நீ கையை உள்ள விடாத... ஸ்பீக்கர்லயா? அறிவிருக்கா உனக்கு, வேன்காரர் முன்னாடியா?... வெளிய வரச் சொல்லு. தனியா பேசணும். வாசல் வரைக்கும் வரச் சொல்லு."

மறுமுனையில் போன் எதன் மேலேயோ வைக்கப்பட்ட சத்தம். அதற்குப் பிறகு ரேடியோ. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கை பழக்கத்தில், நோட்டின் ஓரத்தில் எழுதினாள்: இரண்டு நாற்பத்தொன்று. எதற்கு எழுதினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சக்கரப் பலகை கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. ஒரு மனுஷி வண்டிக்கு அடியிலிருந்து வர இவ்வளவு நேரமா ஆகும்?

"அண்ணி?... அண்ணி, வெளிய வந்துட்டீங்களா?... முழுசா?... கால் எல்லாம்?... வாசலுக்கு வந்துட்டீங்களா?... மூஞ்சியில வெயில் படுதா?... அப்பாடா... இல்லண்ணி, நான் நல்லாதான் இருக்கேன்... ஐயோ, அதெல்லாம் இல்ல!... யாரும் இல்லண்ணி, இருந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்... பொய்தான் சொன்னேன். உங்களை வெளிய வரவைக்க வேற வழி தெரியல... அந்தக் கொக்கி பிச்சுக்கும்னு எனக்கு பயமா இருக்கு."

"...அண்ணி?"

"...திட்டுங்க அண்ணி. நல்லா திட்டுங்க. ஆனா திரும்ப உள்ள போயிடாதீங்க... ஆமா, நான்தான் பச்சை ஒட்டினேன்... ஆமா, சந்தேகம்தான், நிச்சயமா தெரியாது... தெரிஞ்சுட்டு சொல்லியிருக்கலாம்தான், ஆனா தெரிஞ்சுக்கறதுக்குள்ள... ம்... ம்... சொல்றீங்களா?... நீங்க சொன்னா கேப்பான். நான் சொன்னா பிடிவாதம்தான் பிடிப்பான்... கேக்கலன்னா பட்டறைச் சாவியைப் பிடுங்கிடுங்க."

அண்ணி என்ன சொன்னாளோ, எந்தக் குரலில் சொன்னாளோ, ரேடியோ சட்டென்று நின்றது. சங்கிலி கடகடவென்று ஓடும் சத்தம் போனில் கேட்டது. அவள் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா... மெதுவா இறக்கச் சொல்லுங்க... பழைய இடத்துலயே உக்காரட்டும்... ரெண்டு பக்கமும் உக்காந்துடுச்சா?... செயின் தொய்ஞ்சுடுச்சா?... இழுத்துப் பிடிக்காம ஆடுதா?... ஆங். இப்பதான் எனக்கு மூச்சே வருது... டாக்டர், வரேன் டாக்டர்! ரெண்டே நிமிஷம்... இல்ல டாக்டர், வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. இப்போதைக்கு ஒண்ணுமில்ல... அம்மா, பத்தாம் நம்பர், நீங்க உள்ள போங்க... அட, முடிஞ்சதும் சொல்றேன், போங்கம்மா."

கன்னத்தைப் பிடித்திருந்த அம்மாள் அரை மனதோடு எழுந்து போனார். டாக்டர் அறையின் திரையைத் தள்ளும்போதுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஹலோ... அண்ணாவா... சொல்லு... ம்... ம்... ஆமா, மூணு மணி நேர வேலை... ஆமா, காலையில ஆறு மணிக்கு வேன் ஓடணும்... ஆமா, அண்ணி பலகையால உன் கால்ல இடிச்சதுக்கும் நான்தான் காரணம்... திட்டி முடிச்சியா?... இன்னும் இருக்கா? சரி, முடி... ம்... ம்... ம்... அவ்வளவுதான? இப்ப கொக்கியக் கழட்டிக் கையில எடு... இறக்கியாச்சுல்ல, பாத்துடலாமே. நீ சொன்ன மாதிரி ஒண்ணும் இல்லன்னா திரும்ப மாட்டிக்கோ, நான் வாயே திறக்கல."

"எடுத்துட்டியா?... ஸ்குரூ பொறுக்கற காந்தம் இருக்குமே... ஆங், அதான். கொக்கியில வை... ஒட்டுதா?... நல்லாவா?... இழுத்தாலும் வரலையா?"

"...ம்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. கொக்கி நன்றாக இருந்தால் அண்ணி பிழைத்தாள், வேன் ஓடும், அண்ணன் வாங்கியது வீண் இல்லை. அப்படியிருக்க, விரிசல் இல்லையே என்று ஒரு கணம் தன் மனம் சுருங்கியதை அவள் பார்த்துவிட்டாள். இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று நினைத்தாள். இதை நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்றும் கூடவே நினைத்தாள்.

"இரு, இரு. எங்க வெச்ச?... முதுகுல வெச்சா ஒட்டத்தான் செய்யும். கொக்கியத் தூண்டில் முள்ளு மாதிரிப் பிடி... ஆங். உள்பக்க வளைவு இருக்குல்ல, பாரம் உக்கார்ற இடம்... அங்க வை... என்ன ஆகுது?... நழுவுதா, விழுதா?... ரெண்டும் ஒண்ணு இல்லண்ணா... 'நழுவற மாதிரி இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு'ன்னா நான் என்னன்னு எழுதறது?... சரி, எழுதல, எழுதல. நோட்டை மூடிட்டேன். சின்ன அரம் எடு. அந்த இடத்துல பெயின்டைச் சுரண்டு... பயப்படாத, அழகு கெட்டா பரவாயில்ல... கறுப்பு போயிடுச்சா?... அடியில என்ன இருக்கு?"

"...வெள்ளையா?"

"மஞ்சளா இல்லையா?... பளபளன்னு வெள்ளையா... ம்... சிரிச்சுக்கோ... வேன்காரரும் சிரிக்கறாரா... சரி. நாலாவது தடவை... ம்... இல்ல, அழல, ஜலதோஷம்... அண்ணிகிட்ட சாரின்னு சொல்லு... ஸ்டிக்கர் கட்டு பையிலதான் இருக்கு, சாயங்காலம் வந்து குடுத்துட்டு..."

ரிசீவரை வைக்கப் போனவள் நிறுத்தினாள். போனில் அவன் இன்னும் அரத்தைப் போட்டுக்கொண்டிருந்தான், பேச்சுவாக்கில், சிரித்துக்கொண்டே. அந்தச் சத்தம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. இரும்பை அரம் கடிக்கும்போது பல் கூசும். இது கூசவில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம்... பளபளன்னு நீயா சொன்ன, நான்தான சொன்னேன். நிஜமா பளபளங்குதா?... மங்கலா? அப்ப சுரண்டின பொடியைத் தொடு... கையில ஒட்டுதா?... மாவு மாதிரியா?... இரும்புப் பொடி மாவு மாதிரியா இருக்கும்? அது இரும்பு இல்லண்ணா, பட்டி! செவுத்துல ஓட்டை அடைக்கறாங்களே, வண்டியில நசுங்கினதை நிரப்புவியே நீயே, அந்தப் பட்டி... எதுக்குக் கொக்கியில பட்டி வெப்பாங்க, நீயே சொல்லு... இன்னும் உள்ள போ... போயிட்டே இரு..."

சரக், சரக் என்று மெத்தென்ற சத்தம். பிறகு கிர்ர். பிறகு அரம் நின்றுவிட்டது.

"அண்ணா?"

"...ஹலோ? லைன்ல இருக்கியா?... என்ன நிறம்?... என்ன நிறம்னு கேட்டேன்."

"...எந்த மாதிரி மஞ்சள்?... பித்தளைக் குழாய் மாதிரியா... எவ்வளவு அகலம்?... கட்டை விரல்னு சொல்லாத, ஸ்கேல் வை... பதினாலு மில்லிமீட்டர்... சரி. அந்த மஞ்சளுக்கு நடுவுல ஏதாவது?... முடி மாதிரியா?... மொதல்ல துணியால தொடச்சு விடு. முடியாவே இருக்கப் போகுது... நல்லா தொடச்சுப் பாரு... போகலையா?... நகத்தைக் குறுக்க வெச்சு இழு... மாட்டுதா?... அண்ணா, நகம் மாட்டுதா?"

"...ம்."

"...ம்."

அடுத்த டோக்கன் கேட்டு வந்த ஒருவருக்கு அவள் விரலைக் காட்டி, நாற்காலியைக் காட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"இல்லண்ணா, நான் அப்பவே சொன்னேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். சொல்ல என்ன இருக்கு, பச்சை ஒட்டினவளே நான்தான... அண்ணி எப்படி இருக்காங்க?... பாத்துட்டாங்களா... உக்கார வை. தண்ணி குடு. நீயும் குடி... வேன்காரர் என்ன சொல்றாரு?... இப்ப சிரிக்கலையா... அவருக்கும் குடு."

"...என்ன?... அதான் சொன்னேனே, அண்ணி டீக்குக் கூப்பிட்டாங்க, அந்த அவசரத்துல மூணு நிமிஷத்துல... யாரு? அண்ணியா சொல்றாங்க?... அன்னைக்கு அவங்க பட்டறையிலயே இல்லையா?... வயர் வாங்கப் போயிருந்தாங்களா... ஓ... அப்ப நீ டீ... நீயும் போடலையா..."

அவள் நோட்டைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் டீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தும்மினால்கூட நேரம் போட்டு எழுதுகிறவள், குடிக்காத டீயை எழுதவில்லை. அதை அவளும் இவ்வளவு நேரம் கவனிக்காத மாதிரியே இருந்திருக்கிறாள்.

"சரி. சொல்றேன்... அன்னைக்கு மொதல் ஆறு உருப்படியில நாலு சிவப்பு ஒட்டினேன், ஞாபகம் இருக்கா?... பெரிய சுத்தியல், ஜாக்கி, பைப் ரெஞ்சு, அந்தச் சின்ன வைஸ்... ஒவ்வொண்ணா எடுத்து ஓரமா வெச்ச. ஒரு வார்த்தை பேசல நீ. நாலாவதை வெச்சுட்டு, கையைத் தொடச்சுக்கிட்டே என் மூஞ்சியப் பாத்த... நீ சும்மாதான் பாத்திருப்ப. எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. அடுத்தது செயின் பிளாக்கு. அதுக்காகத்தான மத்த பதினொண்ணையும் சேத்து வாங்கின?... இதுவும் சிவப்புன்னா இவன் உக்காந்துடுவான்னு... கை தானாப் போயித் துணியை எடுத்துடுச்சுண்ணா. மூணு நிமிஷத்துல தொடச்சுட்டேன். கோடு வரல. வர விட்டாத்தான... 'நல்லது'ன்னு நான் சொன்னதும் நீ விசிலடிச்ச."

"...ம்."

"...திட்டேன். இவ்வளவு நேரம் திட்டினியே... இதுக்கும் திட்டிடுண்ணா."

"...ஆமா. எனக்கும் அதேதான் தோணுச்சு. ஏழுக்கு அப்புறம் அஞ்சும் பச்சை... நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கு, அஞ்சுக்குமே இருபது நிமிஷம். கண்ணு சரியா இருந்துச்சான்னுதான் தெரியல... எல்லாப் பச்சையையும் பிச்சு எடுத்துடு. எதையும் தொடாத, ஸ்பேனரைக்கூட... கொக்கியா? அதை வெட்டி ரெண்டாக்கிடு... குப்பையில போடாத, வேற எவனாவது எடுத்து மறுபடி பட்டி வெச்சு, பெயின்ட் அடிச்சு... இப்பவேவா?... இரு, போனைத் தள்ளி வெச்சுட்டு..."

கிரைண்டர் அலறியது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டது. உள்ளே டாக்டரம்மாவின் மிஷினும் அதே நேரத்தில் ஓடத் தொடங்க, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் ஒருவர் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். கிரைண்டர் நின்றது. சிமென்ட் தரையில் ஒரு துண்டு விழுந்து உருண்டது.

"முடிஞ்சுதா?... ம்... உள்ள எப்படி இருந்துச்சு?... பாதிக்கு மேல கறுத்துப் போயிருந்துச்சா... பழைய விரிசல். பெயின்டுக்கு முன்னாடியே... சரி, அதை விடு... நான் ஞாயித்துக்கிழமை வரேன். பதினொண்ணையும் மொதல்லேர்ந்து பாக்கறேன்... சிவப்பையும்தான், அதுலயும் நான் என்ன பண்ணி வெச்சிருக்கேனோ... வேற ஆளை வெச்சுப் பாக்கணும்னாலும் பாத்துக்கோண்ணா, எனக்கு வருத்தமில்ல. நிஜமா... நானேவா?... நானே வரணுமா?"

"...எங்க போற?... ஞாயித்துக்கிழமை உனக்கு வெளிய என்ன வேலை?"

"...ஓ."

"...அதெல்லாம் வேணாம்ணா, நீ இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல, நான் உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன்... மாட்டேன்னா மாட்டேன்... பாப்பேனா?... ம்... பாப்பேன்தான்."

"ஒண்ணுக்கு இருபது நிமிஷம், தொடைக்க, தூள் போட, காத்திருக்க, எழுத... அஞ்சு மணி நேரம் ஆகும்ணா. அவ்வளவு நேரம் எங்க சுத்துவ?... அண்ணியையும் கூட்டிட்டா?... சரி... சரி... கதவை உள்ள தாழ் போட்டுக்கறேன். முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்... நடுவுல போன் பண்ணி எத்தனை சிவப்புன்னு கேக்கக் கூடாது... பதினொண்ணும் சிவப்பா இருந்தாலும் அப்படியே தூக்கிப் போட்டுடுவியா?... ம்... நீ சொல்லிட்ட, அப்புறம் பேச்சு மாத்தக் கூடாது... மாத்த மாட்டியா... சரிண்ணா."

"...சரி, வெச்சிடு."

அவன் வைத்துவிட்டான்.